இன்னொரு படி

தமிழ் பல நூற்றாண்டுக் காலம் பனையோலையை நம்பி வாழ்ந்தது. ஓலைக்கு ஆயுள் உண்டு. கரையானும் பூச்சியும், ஈரமும் நெருப்பும் அதற்குப் பகை. இதனை நன்கு அறிந்திருந்த முன்னோர் ஓர் எளிய வழியைக் கண்டனர். ஓலை நைந்து உதிர்வதற்கு முன்பே வேறோர் ஓலையில் அதனைப் படி எடுத்து வைத்தனர். படி எடுக்கப்பெற்ற நூல்கள் பிழைத்தன. எடுக்கப்பெறாதவை பெயரளவில் நின்றன, அல்லது பெயரும் இன்றி மறைந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியதும், 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றியதும் தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த செய்தி. ஒரு படி உள்ள நூல் எந்நேரமும் சாவின் வாயிலில் நிற்கிறது என்பதே அப்பெருமகனாரின் உழைப்பு உணர்த்தும் பாடம். அப்பாடத்தை மறந்தவர்க்கு 1981 ஆம் ஆண்டு நினைவூட்டியது. அவ்வாண்டு மே மாத இறுதியில் தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாதவையும் இருந்தன.

ஓலையின் காலமும் போய், தாளின் காலமும் தளர்ந்து, இன்று எழுத்து வன்தட்டில் குடியேறியிருக்கிறது. ஆயினும் பழைய பாடம் மாறவில்லை. அது எவ்வாறு மாறாதிருக்கிறது என்பதைப் பெட்டாலிங் ஜெயாவில் மூவர் ஒரு சனிக்கிழமையன்று நேரிற் கண்டனர்.

பெட்டாலிங் ஜெயா இன்று மாநகரம். 2006 ஆம் ஆண்டு ஜூன் 20 ஆம் நாள் அது அத்தகுதியைப் பெற்றது. ஆனால் 1950களின் தொடக்கத்தில் அது கோலாலம்பூருக்குத் துணைநகராகத் திட்டமிடப்பெற்றபோது, அந்நிலம் எஃபிங்ஹாம் எனும் இரப்பர்த் தோட்டமாக இருந்தது. மரங்கள் வீழ்ந்தன, வீடுகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன. அந்நகரின் பழைய பகுதியொன்றில், கடைவீட்டின் மாடியில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சிலர் கூடி ஒரு சிறு படிப்பகம் நடத்துகின்றனர். மூடப்பெற்ற தோட்டங்களின் தமிழ்ப்பள்ளி மலர்கள், வருகைப் பதிவேடுகள், நாடக அறிக்கைகள், திருமண வாழ்த்து மடல்கள் ஆகியவற்றைக் குடும்பங்களிடமிருந்து இரவல் பெற்று, பக்கம் பக்கமாக வருடிப் படமாக்கி, ஒரு வழங்கிக் கணினியில் சேர்த்து வைப்பது அவர்களது பணி. படமாக்கிய பின் மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவர். 2021 டிசம்பரில் ஷா ஆலாமும் கிள்ளானும் பெருவெள்ளத்தில் மூழ்கியபோது, அவ்வாறு திருப்பிக் கொடுத்த பதிவேடுகள் சில வீட்டு அலமாரிகளோடு சேற்றில் கரைந்தன. அன்றுமுதல் படிப்பகத்தின் படங்களே அவற்றுக்கு மூலமாயின.

அந்த வழங்கியில் 4 டெராபைட் கொள்ளளவுள்ள வன்தட்டுகள் இரண்டு இருந்தன. ஒன்றில் எழுதப்படுவது அதே கணத்தில் மற்றொன்றிலும் எழுதப்படும். முகமும் ஆடியில் தோன்றும் நிழலும் போன்ற இவ்வமைப்பு இன்று எங்கும் வழக்கில் உள்ளது. விலை குறைந்த பல தட்டுகளை அணிவகுத்து நிறுத்தினால் ஒன்று வீழினும் செய்தி வீழாது என்னும் கருத்தைப் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய பெர்க்லி ஆய்வாளர் மூவர் 1988 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டு, இத்தகைய அமைப்புகளை வகைப்படுத்திப் பெயரும் சூட்டினர். படிப்பகத்தின் இரு தட்டுகளுள் ஒன்று நோயுற்றது. வன்தட்டு தன் நலிவைத் தானே குறித்துக்கொள்ளும் இயல்புடையது. வாசிக்க இயலாத பகுதிகள் நாளுக்கு நாள் பெருகுவதாக அக்குறிப்பு அறிவித்தது. புதுத்தட்டு பொருத்தியாக வேண்டும் என்ற நிலை வந்தது.

பணியை ஏற்றவன் கணினிக் கல்வி பயிலும் கல்லூரி மாணவன். படிப்பகத்தில் ஊதியம் கருதாது உழைப்பவன். செக்‌ஷன் 14 வட்டாரக் கடையொன்றில் புதுத்தட்டை வாங்கி வந்தான். பழையதற்கு இணையான கொள்ளளவு உடையதா என்பதை அவன் மறவாது பார்த்திருந்தான். புதியது பழையதினும் சிறிதளவு குறைந்தாலும் இணைத்தட்டாகச் சேராது. உறையைக் கிழிக்க முற்பட்டபோது, படிப்பகத்தின் தலைவரான முன்னாள் தலைமையாசிரியர் ஒரு வினாவை எழுப்பினார்.

“தம்பி, இவற்றுக்கெல்லாம் இன்னொரு படி எங்கே இருக்கிறது?”

“இரண்டு தட்டுகளிலும் ஒன்றே இருக்கிறது, ஐயா. அதுவே படிதானே?”

“நான் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டால், அது மற்றத் தட்டில் இருக்குமா?”

மாணவன் சற்றுத் தயங்கினான். “இராது, ஐயா. இரண்டிலும் சேர்ந்தே அழியும்.”

“அப்படியானால் அது நிழல்தான், படியன்று.”

கணினியின் உள்ளமைப்பை அறியாத முதியவர் கேட்ட வினா அது. ஆயினும் அதுவே அன்றைய பணியின் முதற்படியாயிற்று. நிழல்தட்டு ஒரு கருவி பழுதுறுவதினின்று காக்கும். மனிதன் செய்யும் தவற்றினின்றும், களவினின்றும், தீயினின்றும், வெள்ளத்தினின்றும் காவாது. எனவே பொருத்தும் வேலை ஒரு நாள் தள்ளி வைக்கப்பெற்றது. தனியே வாங்கிய வெளித்தட்டு ஒன்றில் இரவு முழுதும் அனைத்தும் படி எடுக்கப்பெற்றன. மறுநாட் காலையில் தலைமையாசிரியர் அவ்வெளித்தட்டைத் தனிக்கணினியில் இணைக்கச் செய்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது கோப்புகளைத் திறந்து பார்த்தார். திறந்து பாராத படியைப் படியென்று கொள்ளலாகாது என்பது அவர் கருத்து. மாணவர் ஏட்டைப் புரட்டாமலே கையொப்பமிடும் ஆசிரியரை அவர் என்றும் பொறுத்ததில்லை.

மூன்றாமவர் ஓர் அம்மையார், ஐம்பதைக் கடந்தவர். சனிக்கிழமைகளில் வந்து, நைந்த தாள்களைக் கிழியாது புரட்டிக் கொடுப்பது அவர் செய்யும் தொண்டு. அன்று அவர் மேசையருகே வந்து புதுத்தட்டின் உறையைக் கண்டதும், நெடுநாள் பிரிந்த உறவினரைக் கண்டவர்போல் நின்றார். அவர் இளமையில் சுங்கைவே தொழிற்பேட்டையில் வன்தட்டு செய்யும் ஆலையொன்றில் பணிபுரிந்தவர் என்பது அப்போதுதான் மற்ற இருவர்க்கும் தெரிந்தது.

1971 ஆம் ஆண்டில் மலேசிய அரசு இயற்றிய தடையற்ற வணிக வட்டாரச் சட்டத்தின் பயனாகத் தோன்றிய தொழிற்பேட்டைகளுள் சுங்கைவேயும் ஒன்று. தோட்டங்களினின்றும் கம்பங்களினின்றும் இளம்பெண்கள் பலர் அங்கு வேலைக்கு வந்தனர். பால் வெட்டிய தாயின் மகள், வெண்ணிற அங்கியும் முகமூடியும் அணிந்து நுண்ணோக்கியின் முன் அமர்ந்தாள். அவ்வட்டாரத்தில் இயங்கிய வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் வன்தட்டு ஆலை மூடப்பெறும் என 2018 ஜூலையில் அறிவிக்கப்பெற்று, 2019 இறுதியோடு பெட்டாலிங் ஜெயாவில் அந்நிறுவனத்தின் வன்தட்டு உற்பத்தி முடிவுற்றது. ஒரு நகரம் உலகுக்கு நினைவுப் பேழை செய்து கொடுத்தது என்பதை அந்நகரத்தார் பலரே நினைவில் வைத்திருக்கவில்லை.

“தம்பி, உறையைக் கிழிக்காதே. முதலில் உன் கையைக் கட்டு” என்றார் அம்மையார்.

அவர் சொன்னது மணிக்கட்டில் அணியும் நிலைமின் காப்புப்பட்டியை. மனித உடல் நடக்கும்போதும் அமரும்போதும் ஆடை உரசுவதாலும் மின்னூட்டம் பெறுகிறது. அது சுளீரென்று தைப்பதை ஒருவர் உணர வேண்டுமாயின் ஏறத்தாழ 3,000 வோல்ட்டு வேண்டும். ஆனால் நுண்மின் சில்லுகளுள் சிலவற்றை 100 வோல்ட்டுக்கும் குறைந்த தாக்கே கெடுத்துவிடும். தீங்கு நேர்ந்ததைக் கையே அறியாது. புழுக்கம் மிகுந்த மலேசியக் காற்றில் நிலைமின் எளிதில் தேங்குவதில்லை. ஆயினும் குளிரூட்டிய அறையில் காற்று உலர்ந்துவிடுகிறது. அவ்வலட்சியமே ஆபத்து. பட்டியின் மறுமுனையை வழங்கிப் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியிற் கவ்வவிட்டால், உடலும் பெட்டியும் ஒரே மின்னழுத்த நிலையை அடைகின்றன. பாயும் மின்னுக்கு வேறுபாடே வழி. வேறுபாடு நீங்கின் பாய்ச்சலும் நீங்கும். பட்டியினுள்ளே 10 இலட்சம் ஓம் அளவுள்ள மின்தடை ஒன்று உண்டு. எதிர்பாராது மின்கம்பியிற் கைபடினும் அணிந்தவர் உயிரைக் காப்பதற்கு அது அமைக்கப்பெற்றது.

மாணவன் வழங்கியை முறைப்படி நிறுத்தினான். பொத்தானை வெடுக்கென அணைக்காமல், எழுதிக்கொண்டிருப்பதை எழுதி முடிக்க விட்டு, உறங்கச் செய்தான். பிறகு மின்கம்பியைச் சுவரினின்று கழற்றினான். இயக்கும் பொத்தானைச் சில நொடி அழுத்தி, உள்ளே எஞ்சிய மின்சாரமும் வடியச் செய்தான். பெட்டியை உடனே அசைக்க முனைந்தவனை அம்மையார் தடுத்தார். மின்சாரம் நின்ற பின்னும் தட்டு சிறிது நேரம் சுழலும். அது ஓயும்வரை காத்திருத்தல் வேண்டும்.

காத்திருந்த அவ்வேளையில் அவர் தம் கைத்தொழிலைப் பற்றிக் கூறினார். தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது; நொடிக்கு 120 சுற்று. மூன்றரை அங்குல வகையில் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன்மேல் படிப்பானும் எழுதுவானுமாகிய முனை, தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மனிதத் தலைமயிரின் தடிப்பு 80,000 நானோமீட்டர் அளவினது எனில், அவ்விடைவெளியின் நுண்மையை ஊகிக்கலாம். புகைத்துகள் ஒன்று அவ்வழியிற் புகுந்தால் அது பெருவழியில் உருண்ட பாறையை ஒக்கும். அதனாலன்றோ ஆலையில் அவர்கள் கண் மட்டும் தெரியப் போர்த்திக்கொண்டு உழைத்தனர்! வன்தட்டின் மூடியை ஆர்வத்தால் திறந்து பார்ப்பவன் அதனைக் கொன்று பார்க்கிறான் என்று அவர் முடித்தார்.

அதைக் கேட்ட தலைமையாசிரியர், தாம் படித்த ஒரு செய்தியை நினைவுகூர்ந்தார். வட்டு நினைவகத்தை முதன்முதல் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ரெனால்ட் ஜான்சன் ஒரு பள்ளியாசிரியராக வாழ்வைத் தொடங்கியவர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அறிவியல் கற்பித்த அவர், மாணவரின் விடைத்தாள்களைத் திருத்தும் மின்பொறியொன்றை ஆக்கினார். அதுவே அவரை 1934 இல் ஐ.பி.எம். நிறுவனத்திற் சேர்த்தது. அவர் குழு 1956 இல் வெளிப்படுத்திய பொறியில் 24 அங்குல விட்டமுள்ள வட்டுகள் 50 இருந்தன. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அது 50 இலட்சம் எழுத்துகளையே ஏற்றது. விடைத்தாள் திருத்திச் சோர்ந்த ஓர் ஆசிரியரின் கையிலிருந்து தொடங்கிய பயணம், இன்று உள்ளங்கையளவு பேழையில் ஒரு நூலகத்தை அடக்கி நிற்கிறது.

பெட்டியின் பக்கப்பலகை கழற்றப்பட்டது. மேலே ஒரு தட்டும் கீழே ஒரு தட்டும் தெரிந்தன. நோயுற்றது இரண்டாம் தட்டு என்று முன்னரே திரை காட்டியிருந்தது. மாணவன் கீழ்த்தட்டின் திருகாணியில் திருப்புளியை வைத்தான்.

“எண்ணைப் பார்த்தாயா, தம்பி?”

“கீழே இருப்பதுதான் இரண்டாவது, அம்மா.”

“யார் சொன்னது? பேழைக்குப் பேழை தனி எண் உண்டு. எண்ணைப் படிக்காமல் எதையும் எடுக்கக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதற்பாடம்.”

நோயுற்ற தட்டின் தொடரெண்ணை மாணவன் முந்திய நாளே குறித்து வைத்திருந்தான். குறிப்பை எடுத்து, கைவிளக்கின் ஒளியில் தட்டின் சீட்டோடு ஒப்பிட்டான். இறுதி நான்கு இலக்கங்கள் பொருந்தவில்லை. மேல்தட்டின் எண்ணே பொருந்திற்று. முன்பு எவரோ பொருத்தியபோது கம்பிகள் இடம் மாறியிருந்தன. மாணவனின் முகம் வெளிறியது.

அவன் கீழ்த்தட்டைக் கழற்றியிருந்தால் அக்கணமே அனைத்தும் அழிந்திருக்கும் எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் நலமுள்ளது வெளியே கிடக்க, சாகக் கிடப்பது உள்ளே நின்று புதுத்தட்டுக்குப் பாடம் சொல்லத் தொடங்கியிருக்கும். சொல்லும்போதே அது மூச்சு விட்டிருந்தால்? வெளித்தட்டின் படி இருந்தமையால் பேரிழப்பு நேர்ந்திராது என்பது உண்மை. அப்படியும் முந்திய இரவில்தான் பிறந்தது என்பதை அம்மாணவன் நன்கு அறிவான். ஒரு நாள் முன்னதாக, ஒரு வினாவும் ஓர் எண்ணும் இல்லாமல் அவன் இதே வேலையைச் செய்ய இருந்தான்.

மேல்தட்டு கழன்றது. புதியது உறையினின்று வெளிவந்தது. குளிர்ந்த இடத்திலிருந்து புழுக்கத்துக்கு வரும் பொருளின்மேல் நீர் அரும்பும். ஆதலின், கடையினின்று வந்ததும் உறையோடு அறையிற் சில மணி நேரம் கிடத்தி, அறையின் வெப்பநிலைக்குப் பழக விடுதல் முறை. ஒருநாள் தாமதம் அந்நன்மையையும் அளித்திருந்தது. அம்மையார் தட்டைப் பக்க விளிம்புகளில் மட்டும் பற்றினார், சுற்றுப்பலகையைத் தொடவில்லை. மேசையின் வெறும் பரப்பில் வைக்காது, நிலைமின் தடுக்கும் உறையின்மேல் மெல்லக் கிடத்தினார். தட்டில் உள்ள சிறு மூச்சுத்துளையை எந்தச் சீட்டும் மறைக்காதிருப்பதையும் கவனித்தார்.

மாணவன் பழைய மைலோ டின்னிலிருந்து திருகாணிகளை அள்ளினான். அம்மையார் அவற்றுள் நீண்டவற்றை விலக்கினார். அளவுக்கு மீறிய நீளமுள்ள திருகாணி உள்ளே புகுந்து பேழையைக் காயப்படுத்தும். வேறு புரியுடையது துளையின் புரியையே அழிக்கும். பழைய தட்டினின்று கழற்றிய நான்குமே போதுமானவை. ஒன்றை முழுதும் இறுக்கிய பின் அடுத்ததைத் தொடாமல், நான்கையும் தளர்வாகப் பொருத்தி, பின்னர் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினர். தட்டு ஆடக்கூடாது, ஆனால் திருகாணி கையின் வலிமையைக் காட்டும் இடமும் அன்று.

அடுத்தது இணைப்பு. செய்திக் கம்பியின் முனையில் 7 தொடுவாய்களும் மின்கம்பியின் முனையில் 15 தொடுவாய்களும் உள்ளன. இரண்டும் மடங்கிய வடிவின. ஒரு திசையில் மட்டுமே பொருந்தும். பொருந்தாவிடின் திருப்பிப் பார்க்க வேண்டுமேயன்றி அழுத்திப் பார்க்கலாகாது. வேறொரு மின்வழங்கிக்கு உரிய கம்பியைத் தோற்றம் ஒத்திருப்பது கருதிப் பயன்படுத்துதல் பெருந்தவறு. முனை ஒன்றாக இருப்பினும் உள்ளே மின்சாரம் செல்லும் வரிசை மாறுபட்டுத் தட்டை எரித்துவிடக்கூடும். கம்பிகள் மின்விசிறியின் வழியை மறிக்காதவாறு ஒதுக்கிக் கட்டப்பெற்றன.

பக்கப்பலகையை மூடுமுன் மாணவன் தானாகவே இருமுறை எண்ணைப் படித்தான். அம்மையார் புன்னகைத்தார், ஒன்றும் கூறவில்லை.

மின்சாரம் பாய்ந்தது. திரையில் இரு தட்டுகளின் பெயரும் எண்ணும் தோன்றின. இனி நேரக்கூடிய பிழை கையினுடையதன்று, கட்டளையினுடையது. நிறைந்த தட்டினின்று வெற்றுத் தட்டுக்குப் படி எடுத்தல் வேண்டும். திசை மாறினால் வெறுமை நிறைவின்மேல் எழுதப்பட்டுவிடும். “மூலம் எது, படி எது என்று வாய்விட்டுச் சொல்” என்றார் தலைமையாசிரியர். மாணவன் இரு எண்களையும் வகுப்பில் ஒப்புவிப்பவன்போல் உரக்கச் சொன்னான். மற்ற இருவரும் திரையைப் பார்த்துத் தலையசைத்த பின்னரே விசையை அழுத்தினான்.

நொடிக்கு 150 மெகாபைட் என்னும் வேகத்தில் 4 டெராபைட்டைப் படி எடுக்க ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். பிற்பகலில் வானம் இருண்டது. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் இடிமின்னல் மிகுந்த பகுதிகளுள் ஒன்று. மின்தடை நேரினும் சற்று நேரம் தாங்கும் மின்கலப் பெட்டி வழங்கிக்குத் துணை நின்றது. மழை பெய்து ஓய்ந்தது. இரவு எட்டு மணியளவில் வேலை முடிந்ததாகத் திரை அறிவித்தது.

தலைமையாசிரியர் ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னார். வெள்ளத்தில் கரைந்த பதிவேடு ஒன்றின் பக்கம் விரிந்தது. ஏதோ ஒரு தோட்டப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு. நீல மையில் எழுதிய பெயர்கள். அவற்றுக்கு நேரே வந்ததற்கும் வராததற்குமான குறிகள். சம்பள நாளன்று பாதி வகுப்பு வரவில்லை. அப்பிள்ளைகளைப் பற்றி உலகில் எஞ்சியிருக்கும் எழுத்து ஒருவேளை அக்குறிகள் மட்டுமேயாக இருக்கலாம். மூவரும் சற்று நேரம் ஒன்றும் பேசாது அப்பக்கத்தைப் பார்த்திருந்தனர்.

பின்னர் மாணவன் புதுத்தட்டின் எண்ணையும் பொருத்திய நாளையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டினான். மேல், கீழ் என்று இடத்தையும் குறித்தான். அடுத்து வருபவன் தன்னைப்போல் ஊகிக்க வேண்டியிராது. வெளித்தட்டைத் தலைமையாசிரியர் துணியிற் சுற்றித் தம் பையில் வைத்துக்கொண்டார். அது பிரிக்பீல்ட்ஸில் உள்ள உறுப்பினர் ஒருவரின் வீட்டு மாடிக்குச் செல்ல இருந்தது. ஒரே கூரையின்கீழ் உள்ள இரண்டு படிகளை ஒரு தீ ஒன்றாகவே எரிக்கும் அல்லவா?

அம்மையார் காப்புப்பட்டியைச் சுருட்டி மைலோ டின்னுக்குள் வைத்தார். “அடுத்த மாதமும் படி எடுக்க வேண்டும், தம்பி, நாளைக் குறித்து வை” என்று கூறிவிட்டு, படமாக்க வேண்டிய தாள்கள் கிடந்த மேசைக்குத் திரும்பினார். அங்கே ஒரு பள்ளி மலர் பாதி புரட்டியபடி காத்திருந்தது.